மடக்கி உழுதல்

ஜனவரி 11

தம்பிக்கு,

போதும் என்கிற அளவுக்கு வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். ஒன்பது ஆண்டுகளாக நீ வருடத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்புகிறாய். நான் எதற்கும் பதில் போட்டதில்லை. இன்று போடுகிறேன், வாழ்த்துவதற்காக அல்ல.

நாங்கள் நலம். உன் அண்ணிக்கு முழங்கால் வலி மட்டும் இருக்கிறது. மற்ற வலியெல்லாம் என்னால் வருவது என்கிறாள். நீயும், உன்னைக் கட்டிக்கொண்ட அவள் தங்கை சின்னவளும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

நீ பதிப்பிக்கும் ஆங்கிலம்-தமிழ் அகராதியின் இரண்டாம் பதிப்புக்கான மாதிரிப் பக்கங்கள் எங்கள் விவசாயக் கல்லூரிக்கு வந்தன. கருத்து எழுதச் சொல்லி முதல்வர் அவற்றை ஆங்கில ஆசிரியனான என் மேஜையில் போட்டுவிட்டுப் போனார். புரட்டியதும் 'ப்ளவ்' கண்ணில் பட்டது. "கலப்பை, கலப்பையால் நிலத்தைத் தோண்டுதல்" என்று போட்டிருக்கிறது. கிணறு தோண்டலாம், குழி தோண்டலாம், அடுத்தவன் குடும்பக் கதையைத் தோண்டலாம். நிலத்தை உழுவார்கள். அதற்குக் கீழே 'ப்ளவ் பேக்' என்பதற்கு "பின்னோக்கி உழுதல்" என்று பொருள். வகுப்பில் படித்துக் காட்டினேன். ஒருத்தி எழுந்து, "சார், ரிவர்ஸ் கியர்ல உழச் சொல்றாங்களா?" என்று கேட்டாள். பாடம் அன்றைக்கு அதோடு முடிந்தது.

முதல் பதிப்பில் இந்தச் சொல்லுக்கு முழுதாக ஒரு பத்தி இருந்தது. எழுதியவன் நான். உழவு, விதைப்பு, அறுப்பு, தீவனம், தொழுவம் என்று வயலும் வயல் சார்ந்ததுமான அத்தனை சொற்களுக்கும் நான்தான் எழுதினேன். மூன்று கோடை விடுமுறைகள் அதில் போயின. புத்தகம் வந்தபோது முன்னுரையில் எல்லார் பெயரும் இருந்தது. அலுவலகத்துக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தவருக்குக்கூட நன்றி சொல்லியிருந்தாய். என் பெயர் இல்லை. சரி, திருடியதுதான் திருடினாய், திருடிய பொருளையாவது ஒழுங்காக வைத்துக்கொள்ளக் கூடாதா? அதை எடுத்துவிட்டு இந்தக் குப்பையைப் போட்டது யார்?

பதில் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்


ஜனவரி 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். உங்கள் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் சின்னவள் அதை வாசலிலேயே பிரித்துவிட்டாள். திட்டித்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிந்ததும், "அப்பாடா, நல்லா இருக்காங்க" என்றாள். நாங்கள் நலம். அண்ணியின் முழங்காலுக்கு யாரிடம் காட்டுகிறீர்கள்?

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இந்தமுறை வயல் சொற்களைப் புதிதாக வந்த குழுத் தலைவரே எடுத்துக்கொண்டிருக்கிறார். ஓய்வு பெற்ற பேராசிரியர். எழுபதைத் தாண்டியும் குரல் இறங்காதவர். "அகராதியில சேறு ஒட்டக் கூடாது" என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். முதல் பதிப்பின் பொருள்களெல்லாம் பேச்சுவழக்காக இருக்கின்றனவாம். ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு தமிழ்ச் சொல் வைத்தால் போதும் என்பது அவர் கட்சி. 'ப்ளவ்' அவர் கைவைத்த முதல் சொல். ஜூன் நடுவில் குழு கூடுகிறது. இது தேறிவிட்டால் மற்ற வயல் சொற்களும் இதே வழியில் போகும். அச்சானால் அடுத்த இருபது வருடத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் இதைத்தான் படிப்பார்கள்.

அண்ணா, முதல் பதிப்பில் எழுதியதைவிட விரிவாக, யாரும் மறுக்க முடியாதபடி அந்தச் சொல்லுக்கு ஒருமுறை எழுதித் தருவீர்களா? என்ன எதிர்ப்பு வரும் என்று நான் அவ்வப்போது எழுதுகிறேன்.

அண்ணியிடம் நாங்கள் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புள்ள தம்பி


பிப்ரவரி 6

தம்பிக்கு,

நலம். அண்ணியை எலும்பு மருத்துவரிடம் காட்டியாயிற்று. அவர் நடக்கச் சொல்கிறார், இவள் அவரை நடந்து பார்க்கச் சொல்கிறாள்.

தோண்டினால் மண் வெளியே வரும். உழுதால் மண் புரண்டு அங்கேயே கிடக்கும். இதற்கு மேல் உன் தலைவருக்கு விளக்கம் தேவையில்லை. ஏர் வேறு, கலப்பை வேறு என்பதையும் எழுது. கலப்பை கருவி, மாட்டையும் நுகத்தடியையும் சேர்த்துப் பூட்டினால்தான் ஏர். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அந்த வறுமை அவர்களுடையது, நாம் ஏன் அதைக் கடன் வாங்கவேண்டும்?

இனி, வயலை விட்டு வெளியே அந்தச் சொல் போகிற இடங்கள். 'ப்ளவ் இன்டு' என்றால் வண்டி கட்டுக்கடங்காமல் எதன் மீதாவது பாய்ந்து மோதுவது. மாதிரிப் பக்கத்தில் "லாரி கடைக்குள் உழுதது" என்று இருக்கிறது. உழுதுவிட்டு என்ன விதைத்ததாம்? 'ப்ளவ் த்ரூ' என்பதற்கு இரண்டு பொருள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு போவது ஒன்று. சலிப்பூட்டும் புத்தகத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு படித்து முடிப்பது இன்னொன்று. உன் தலைவரின் கட்டுரைத் தொகுப்பை நான் படித்தது அப்படித்தான். எடுத்துக்காட்டு வாக்கியமாக அதையே போட்டுக்கொள்ளலாம். பனியை யாரும் உழுவதில்லை, வழியை விட்டு ஒதுக்குகிறார்கள். ஆகவே 'பனிக் கலப்பை' வேண்டாம், 'பனி ஒதுக்கும் வண்டி' என்றால் குழந்தைக்கும் புரியும். பழைய மாணவர் பேச்சில், பரீட்சையில் ஒருவன் 'ப்ளவ்' ஆனான் என்றால் கோட்டை விட்டான் என்று பொருள்.

'ப்ளவ் பேக்' கடைசியில். உரத்துக்காகப் பசுந்தாள் பயிரை வளர்த்து, பூக்கிற சமயத்தில் அறுக்காமல் அப்படியே மண்ணுக்குள் புரட்டிவிடுவது. எங்கள் கல்லூரிப் பண்ணையில் ஒவ்வொரு பருவமும் நடக்கிறது. முதல்வரிலிருந்து டிராக்டர் ஓட்டுகிறவர் வரை எல்லாரும் சொல்வது 'மடக்கி உழுதல்'. தமிழில் தயாராக ஒரு சொல் உட்கார்ந்திருக்கும்போது இவர் டிராக்டரை ரிவர்ஸில் ஓட்டுகிறார். வந்த லாபத்தை எடுக்காமல் அதே தொழிலில் திரும்பப் போடுவதும் இதிலிருந்து பிறந்த பொருள்தான்.

எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி எழுதித் தருவேன். ஒரு நிபந்தனை. என் பெயர் வரவேண்டும். முன்னுரையில், உன் பெயருக்கு முன்னால். முதல் பதிப்பில் ஏன் வரவில்லை என்பதற்கும் பதில் வேண்டும்.

சின்னவளைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்


மார்ச் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். பதில் தாமதமாகிவிட்டது. எனக்கு இருமல், இப்போது பரவாயில்லை. சின்னவள் நலம்.

உங்கள் குறிப்புகளை நூறு தடவை படித்திருப்பேன். 'தோண்டுதல்' என்பதைத் தலைவர் விட்டுக்கொடுப்பார் போலிருக்கிறது. 'மடக்கி உழுதல்' மட்டும்தான் அவர் தொண்டையில் நிற்கிறது. நான் பொதுவாகப் பேச்சை எடுத்துப் பார்த்தேன். "மடக்கறதுக்கு அது என்ன குடையா?" என்றார். குழுவில் இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்று பேர் சிரிக்கவில்லை. அந்த மூன்று பேரை நம்பித்தான் இருக்கிறேன். அந்தச் சொல் புதிதாகக் கட்டியது அல்ல, உழுகிறவர்கள் வாயில் இருப்பது என்பதற்குக் கூடுதலாக எடுத்துக்காட்டுகள் தர முடியுமா?

வட்டத் தகடுகள் வைத்த டிஸ்க் கலப்பைக்குச் 'சட்டிக் கலப்பை' என்று சொல்கிறார்களே, அதையும் சேர்க்கலாமா?

மழை எப்படி? அண்ணி நடக்கிறார்களா?

அன்புள்ள தம்பி


மார்ச் 25

தம்பிக்கு,

நாங்கள் நலம். இருமலுக்கு வெந்நீர் குடி.

உன் கடிதத்தை இருபுறமும் திருப்பிப் பார்த்தேன். சட்டிக் கலப்பை இருக்கிறது. மழை இருக்கிறது. என் கேள்விக்குப் பதில் இல்லை. இரண்டு கேள்வி கேட்டால் உனக்கு வசதியானதற்கு மட்டும் பதில் சொல்கிற வழக்கம் சின்ன வயதிலிருந்தே உண்டு. அப்போது அடிப்பதற்குப் பக்கத்தில் இருந்தேன்.

நீயாகச் சொல்லமாட்டாய். ஆகவே இப்படிச் செய்கிறேன். கல்லூரித் தேர்வுகள் ஏப்ரல் கடைசியில் முடிகின்றன. முடிந்ததும் உன் தலைவருக்கு நேராக எழுதுகிறேன். முதல் பதிப்பின் வயல் சொற்கள் முழுவதும் என்னுடையவை, பதிப்பாசிரியன் என் உடன்பிறந்த தம்பி, அவன் என் பெயரை விழுங்கிவிட்டான் என்று என் பெயரும் பதவியும் போட்டு எழுதுகிறேன். அதற்குப் பிறகு 'மடக்கி உழுதல்' பற்றி நானும் அவரும் பேசிக்கொள்கிறோம். குடையா இல்லையா என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்குத் தெரியும்.

சட்டிக் கலப்பையைச் சேர்க்கலாம்.

உன் அண்ணன்


ஏப்ரல் 4

அத்தானுக்கு,

சின்னவள் எழுதறேன். அக்காவுக்கும் உங்களுக்கும் உடம்பு நல்லா இருக்கும்னு நம்பறேன். உங்க அளவுக்கு எனக்கு எழுத வராது, பேசற மாதிரியே எழுதறேன். நான் எழுதறது அவருக்குத் தெரியாது.

தலைவருக்கு எழுதாதீங்க. காரணத்தைச் சொல்றேன்.

முதல் பதிப்பு வேலையில இவருக்கு முன்னாடி இருந்த பதிப்பாசிரியர் தன்னோட மூணு மருமகன்களையும் உள்ளே கொண்டுவந்தவர். நோயெல்லாம் ஒருத்தருக்கு, மீனெல்லாம் ஒருத்தருக்கு, மிச்சம் மூணாமவருக்குன்னு பிரிச்சுக் கொடுத்தாராம். மீன் மருமகன் திமிங்கலத்தைப் பறவைன்னு எழுதிட்டார். அந்த அசிங்கத்துக்கு அப்புறம் ஒரு விதி வந்தது. பதிப்பாசிரியரோட சொந்தக்காரங்க எழுதின ஒரு வரிகூட அகராதியில இருக்கக் கூடாது. தெரிஞ்சா எழுதினதை எடுத்துடணும், பதிப்பாசிரியரும் போயிடணும். அதுல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் இவர் வேலைக்கே சேர்ந்தார்.

நீங்க எழுதி அனுப்பினது வந்தப்போ இவர் ரெண்டு நாள் திரும்பத் திரும்பப் படிச்சார். அப்புறம், "இதை விட்டா இதுக்கு மேல எழுத ஆள் கிடையாது"ன்னார். ஆபீஸ்ல ஒரு வழக்கம் உண்டு. வெளியிலேர்ந்து வாசகர்கள் பேர் போட்டு எழுதினா, யாருக்கு யார் வேண்டியவங்கன்னு முதல்ல விசாரிப்பாங்க. பேர் போடாத கடிதம் வந்தா அதைத் தனியா ஒரு பெட்டியில போட்டு, கூட்டத்துல வாய்விட்டுப் படிச்சு, கை தூக்கச் சொல்லுவாங்க. பாதிக்கு மேல கை எழுந்தா அது உள்ளே. இவர் உங்களோட எல்லாத்தையும் பேரில்லாம தானே டைப் அடிச்சு அந்தப் பெட்டியில போட்டார். ஒவ்வொண்ணுக்கும் கை தூக்கினாங்க அத்தான். எல்லாக் கையும்.

பேரைப் போட்டிருந்தா அத்தனை சொல்லும் வெளியே போயிருக்கும், இவரும் போயிருப்பார். இப்ப நீங்க தலைவருக்கு எழுதினாலும் அதுதான் நடக்கும்.

ஏன் உங்ககிட்ட அப்பவே சொல்லலைன்னு கேப்பீங்க. நானும் கேட்டேன். தெரிஞ்சா அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்து தலைவர் மேஜையைத் தட்டுவாருன்னு சொன்னார். இல்லைன்னு சொல்லுங்க பார்ப்போம்.

இதை உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அவர் சொன்னார். சொல்லமாட்டேன்னு நான் சொல்லலை.

அக்காவைக் கேட்டதாச் சொல்லுங்க.

சின்னவள்


ஏப்ரல் 15

சின்னவளுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் கிடைத்தது. உன் அக்கா அதை என்னிடமிருந்து பிடுங்கி முழுவதும் படித்துவிட்டு, "ஒன்பது வருஷம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அவள் ஒரே வார்த்தையில் பேசுகிற நாட்களில் நான் வெளியே சாப்பிடுவது வழக்கம்.

மேஜையைத் தட்டியிருப்பேன் என்கிறாய். உன் கணவனுக்கு என்னைச் சரியாகத் தெரியவில்லை. கவிழ்த்திருப்பேன்.

அவன் செய்தது சரி என்று நான் சொல்லமாட்டேன். ஒருவனுடைய உழைப்பை வாங்கிக்கொள்கிறவன் அவனிடம் உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவன். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பதை நான் தீர்மானித்திருக்க வேண்டும், அவன் அல்ல. திருடன் என்ற சொல்லை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அகராதிக்காரனுக்குச் சரியான சொல் முக்கியம். இவனுக்குச் சரியான சொல் என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தேர்வுகள் முடியப்போகின்றன. தலைவருக்கு எழுதுவதை நிறுத்திவைத்திருக்கிறேன். விட்டுவிட்டதாக எண்ணவேண்டாம்.

நீ எழுதியது அவனுக்குத் தெரியட்டும். எனக்கு ஒளித்துப் பேசிப் பழக்கமில்லை.

அத்தான்


மே 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைச் சின்னவள் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். படித்தேன். அன்றைக்கு எங்கள் வீட்டிலும் வெளியே சாப்பிட வேண்டியதாயிற்று. என் தப்பால் அல்ல, அவள் தப்பால்தான் என்று நான் சொல்லப்போக, நிலைமை இன்னும் மோசமாயிற்று. இப்போது இருவரும் சுகம்.

ஒரு மாதமாக யோசித்தேன். கூட்டம் ஜூன் பதினைந்து. எனக்கு இரண்டு வழிகள் தெரிகின்றன.

நானே எழுந்து சொல்லிவிடுவது ஒன்று. வயல் சொற்கள் என் அண்ணன் எழுதியவை, மறைத்தது நான் என்று. ராஜினாமாவை எழுதிவிட்டேன். உங்கள் பெயர் குழுவின் குறிப்பேட்டில் ஏறும். செய்தியாகவும் வெளியே வரும். சொற்கள் நிற்குமா என்று கேட்காதீர்கள். விதிப்படி எடுத்துவிடுவார்கள். அந்த இடத்தில் தலைவர் எழுதுவது வரும். ஆனால் எழுதியது நீங்கள் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். ஒன்பது வருடமாக நீங்கள் கேட்டது அதுதான். அதைக் கொடுக்க எனக்கு இப்போது தயக்கம் இல்லை.

இன்னொன்று, உங்கள் மாணவர் யாராவது ஒருவர் பெயரில் அனுப்புவது. விசாரித்தாலும் சொந்தம் என்று வராது.

நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ அதைச் செய்கிறேன். ஒரு வரி போதும்.

அண்ணி எப்படி இருக்கிறார்கள்?

அன்புள்ள தம்பி


ஜூன் 3

தம்பிக்கு,

நாங்கள் நலம். அண்ணி தினமும் கல்லூரி வேலி வரை நடக்கிறாள். மருத்துவர் சொன்னதற்காக அல்ல, அங்கே பேச ஆள் இருக்கிறது.

ஒரு வரி கேட்டாய். நான் எழுதுவது எப்போது ஒரு வரியில் முடிந்திருக்கிறது?

மாணவன் பெயரில் அனுப்புவதா? அதைப் படித்தபோதுதான் உன்மேல் எனக்கு உண்மையான கோபம் வந்தது. என் எழுத்துக்கு அடியில் வேறொருவன் பெயர் இருப்பதைவிட வெறும் இடம் இருப்பது மேல். அந்த வழியைக் குப்பையில் போடு.

உன் முதல் வழியை ஒரு வாரம் ரசித்தேன், ஒளிக்கமாட்டேன். குழு உட்கார்ந்திருக்கிறது, நீ எழுந்து என் பெயரைச் சொல்கிறாய், உன் தலைவரின் முகம் போகிற போக்கு. விடைத்தாள் திருத்தும்போதெல்லாம் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். கூட இருந்த ஆசிரியர்கள் பயந்துபோனார்கள். பிறகு அடுத்த நாளையும் நினைத்துப் பார்த்தேன். நீ வீட்டில் இருக்கிறாய். உன் நாற்காலியில் தலைவருக்குத் தலையாட்டுகிற ஒருவன் இருக்கிறான். லாரி கடைக்குள் உழுகிறது. டிராக்டர் ரிவர்ஸில் போகிறது. என் பெயர் குறிப்பேட்டில் பத்திரமாக இருக்கிறது. அகராதியைத் திறக்கிறவனுக்கு நான் எழுதிய ஒரு சொல்லும் கிடைக்காது. எதை எழுதியதற்காக அந்தப் பெயர் என்று கேட்டால் காட்டுவதற்கு எதுவும் இருக்காது.

ஆகவே ராஜினாமாவைக் கிழித்துப் போடு. இதை உனக்காகச் சொல்லவில்லை. நீ என்னிடம் மறைத்ததை நான் மன்னித்துவிட்டதாகவும் எண்ணிக்கொள்ளாதே. அதை நேரில் பேசவேண்டும், மேஜை ஏதும் இல்லாத இடமாகப் பார்த்து.

சின்னவள் சொன்ன அந்தப் பெயரில்லாப் பெட்டிக்காக, 'ப்ளவ்' என்ற சொல்லுக்கு நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். உழுவது, ஏர், கலப்பை, சட்டிக் கலப்பை, பாய்ந்து மோதுவது, பல்லைக் கடித்துப் படிப்பது, பனி ஒதுக்குவது, கோட்டை விடுவது எல்லாம் அதில் இருக்கின்றன. 'மடக்கி உழுதல்' மட்டும் முழுதாக ஒரு பக்கம். உன் தலைவருக்குக் கேலி செய்ய ஓர் ஓரம்கூட விடவில்லை. மடக்குவது குடையை மட்டும் அல்ல, கையை, காலை, கத்தியை, பேச்சில் எதிராளியையும்தான் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் கொடுத்து, நிற்கிற பயிரை மண்ணுக்குள் மடக்குவதோடு முடித்திருக்கிறேன். இந்தச் சொல்லுக்கு இதைவிட நன்றாக எழுத இன்றைக்கு ஆள் கிடையாது. இதைத் தற்பெருமை என்று கொள்வதானால் கொள், உண்மை என்பதால் எனக்குக் கூச்சமில்லை.

கல்லூரி வழியாக நான் அனுப்பிய கருத்துத் தாளில் என் கையெழுத்தை அவர்கள் பார்த்திருப்பார்கள். அதனால் உன் அண்ணியைப் படியெடுக்கச் சொன்னேன். சாப்பாட்டு மேஜையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்றாவது பக்கத்தில் நிறுத்தினாள். தலைவரின் படிப்பைப் பற்றியும் தோண்டுவதில் அவருக்குள்ள ஆர்வத்தைப் பற்றியும் நான் எழுதியிருந்த சில வரிகள் அங்கே இருந்தன.

"இது சொல்லுக்கு அர்த்தமா, சொத்துத் தகராறா?" என்றாள்.

எடுத்துக்காட்டு என்றேன். அந்த வரிகளை விட்டுவிட்டு மேலே எழுதிக்கொண்டு போனாள். நான் தடுக்கவில்லை. அவை நல்ல வரிகள், உனக்குத் தனியாக அனுப்புகிறேன்.

கடைசிப் பக்கம் முடிந்ததும் பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தாள். "இத்தனை வருஷம் பேருக்காகத் தம்பிகூடப் பேசாம இருந்தீங்க. இப்ப நீங்களே அதை விட்டுட்டு அனுப்பறீங்க. வலிக்கலையா?"

வலிக்கிறது என்றேன். அவளிடம் மறைத்து ஆகப்போவது எதுவும் இல்லை.

"அப்ப போட்டு அனுப்புங்க."

போட்டால் பெயரை விசாரிப்பார்கள், போடாவிட்டால் எழுதியதைப் படித்துத்தான் ஆகவேண்டும் என்றேன். அவள் பேனாவை மூடி என் சட்டைப் பையில் செருகிவிட்டாள்.

பதினைந்தாம் தேதி அந்தப் பெட்டியைத் திறக்கும்போது உன் முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. உனக்கு அது பழக்கம்தான். வாய்விட்டுப் படிக்கும்போது அவசரப்படாதே, மடக்கி உழுகிற இடத்தில் நிறுத்திப் படி. கை தூக்குவார்கள். சிரிக்காத அந்த மூன்று பேர் முதலில் தூக்குவார்கள், சிரித்த இருவரும் பின்னால் தூக்குவார்கள். தலைவர் கடைசியில் ஜன்னலைப் பார்ப்பார். பார்க்கட்டும்.

சின்னவளை விசாரித்ததாகச் சொல். இருமல் திரும்ப வந்தால் காட்டிக்கொள்.

குழுவுக்கான உறை எதிரில் இருக்கிறது. முகவரி உன் அண்ணி கையெழுத்தில், அனுப்புநர் இடத்தில் ஒன்றும் இல்லை. ஒட்டுவதற்கு முன் கடைசித் தாளை இன்னும் ஒருமுறை வெளியே எடுத்தேன். கடைசி வரிக்குக் கீழே பெயர் எழுதுகிற அளவுக்கு இடம் இருக்கிறது. பேனாவும் பையில் இருக்கிறது. மடித்து உள்ளே வைத்து ஒட்டிவிட்டேன். தபால் அலுவலகம் மூடுவதற்குள் போய், அப்படியே போட்டுவிடுகிறேன்.